இலத்திரன் கற்றையும் கொழும்பு மழையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில், விண்வெளியிலிருந்து அயனி மண்டலத்துக்குள் (மின்னேற்றம் பெற்ற துகள்கள் நிறைந்த மேல் வளிமண்டலம்) இலத்திரன் கற்றையைச் செலுத்தி மழையைத் திசைதிருப்புகிறார்கள், கொழும்பு வெள்ளத்துக்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்று ஒரு கட்டுரை. ‘இருக்கலாம்’ என்று போட்டுவிட்டால் எதையும் எழுதலாம் போல.

கற்றை செலுத்தியது உண்மைதான். 1985 ஜூலை கடைசியில் அமெரிக்காவின் சலஞ்சர் விண்வெளி ஓடத்தில் போன ஸ்பேஸ்லாப் 2 பயணத்தில் இது நடந்தது. 1000 வோல்ட், 50 மில்லி அம்பியர். பெருக்கிப் பாருங்கள், வெறும் 50 வாட்ஸ், வீட்டு சீலிங் ஃபேன் பலவற்றுக்கே இதைவிடக் கூட வேண்டும். அந்த இலத்திரன்கள் 100 கிலோமீற்றர் உயரத்துக்குக் கீழே வருவதே இல்லை, நம்முடைய மழை மேகமோ 20 கிலோமீற்றருக்குள் அடங்கிவிடும். வெள்ளத்துக்குக் காரணம் தேடுகிறவர் வெள்ளவத்தைக் கால்வாய்ப் பக்கம் போய், அடைத்துக் கிடக்கும் ரெஜிஃபோம் துண்டுகளையும் ஷொப்பிங் பேக்குகளையும் பார்க்கட்டும்.

உண்மையில் நடந்தது இதைவிடச் சுவாரசியமானது. கற்றையைப் போட்டுப் போட்டு அணைத்தால், அந்த அதிர்வெண்ணிலும் அதன் மடங்குகளிலும் வானொலி அலை கிளம்புகிறது. விடாமல் செலுத்தினாலும் கிளம்புகிறது: அயோவா பல்கலைக்கழகத்தின் கருவித் தொகுதி ஒன்றை ஓடத்துக்கு அருகே தனியே மிதக்க விட்டிருந்தார்கள், அது கற்றையை நெருங்கியபோது பதிவான அலைகளை வரைந்தால் புனல் வடிவம் வந்தது. இலத்திரன்கள் ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு உமிழ்ந்தால் அந்த அளவு வலு வரவே வராது. கற்றைக்குள் அவை கொத்துக் கொத்தாகச் சேர்ந்து ஒன்றாக உமிழ்வதால்தான் வருகிறது என்று பிறகு விளக்கினார்கள்.

சரி, எதற்கு இந்தப் பாடு? இப்படி எழுந்தவை போன்ற மிகத் தாழ் அதிர்வெண் வானொலி அலைகளை வழக்கமான முறையில் அனுப்ப அன்டனா பெரிதாக வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்தில் இந்தியக் கடற்படை நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்ப வைத்திருக்கும் கோபுரங்கள் 471 மீற்றர், ஆனால் அந்த 18.2 கிலோஹேர்ட்ஸ் அலையின் நீளமோ 16 கிலோமீற்றருக்கும் மேல். அப்படிப்பட்ட கோபுரத்தை விண்வெளிக்குக் கொண்டுபோக முடியுமா? கற்றையே அன்டனாவாகிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

1962 இல் அமெரிக்கா பசிபிக்குக்கு மேலே 400 கிலோமீற்றர் உயரத்தில் அணுகுண்டு வெடித்தபோது, பூமியின் காந்தப்புலத்தில் சிக்கிய இலத்திரன்களால் பல செய்மதிகள் பழுதாயின. அப்படிச் சிக்கியவற்றை இந்த அலைகளால் கலைத்து வளிமண்டலத்துக்குள் விழுத்தலாமா என்பதுதான் இப்போதைய கேள்வி. 2023 நவம்பரில் அலாஸ்காவிலிருந்து ரொக்கெட் விட்டதும் அந்த ஆராய்ச்சிக்குத்தான்.

மறுப்புப் போடச் சொல்லி நான் கேட்கவில்லை. அடுத்த தடவை இப்படி ஒரு கட்டுரை வந்தால், எத்தனை வோல்ட், எத்தனை அம்பியர் என்று எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகன், வெள்ளவத்தை