கார்ட்டஹேனாவின் சின்ன வாய்

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து, கம்பு இல்லாமல் கடைத்தெரு வரை நடக்கிறாய் என்று படித்த பிறகுதான் உன் தங்கச்சிக்கு மூச்சு வந்தது. "அண்ணனைப் பயிற்சியை நிறுத்த வேண்டாம்னு எழுதுங்க" என்று பத்துத் தடவை சொல்லிவிட்டாள். எழுதிவிட்டேன். இனி அவள் என்னைக் கேட்க முடியாது.

பதில் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. மயாமியில் மகள் வீட்டில் இருக்கிறோம் இல்லையா, எங்கள் கல்யாண நாளுக்கு அவள் நாலு ராத்திரி ஒரு ஊரில் ஹோட்டல் போட்டுக் கொடுத்தாள். எந்த ஊர் தெரியுமா? கார்டஜீனா! கொலம்பியாவில் இருக்கிற நம்ம கார்டஜீனாதான். அங்கே வாயைத் திறந்து சொன்னால் 'கார்ட்டஹேனா' என்று திருத்துகிறார்கள். இத்தனை வருஷம் தப்பாகவே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

1993 நினைவிருக்கிறதா? மங்கா துறையில் அந்தப் பழைய கார்கோ கப்பல். நான் ஃபோர்த் இன்ஜினியர், நீ ரேடியோ ஆபீசர், எல்லாருக்கும் 'மார்க்கோனி சாப்'. "ஊருக்குள் போகிறவன் போகலாம், திரும்பி வராவிட்டால் நான் பொறுப்பில்லை" என்று கேப்டன் சொன்னதும் பாதிப் பேர் படுக்கப் போய்விட்டார்கள். நாம் இரண்டு பேரும் மட்டும் ஹெத்செமானி பேட்டை வழியாக வேகவேகமாக நடந்து, மணிக்கூண்டு வாசலைப் பார்த்துவிட்டு, நீ ஒரு பெட்டி தேங்காய் மிட்டாய் வாங்கி, அது கேபின் முழுக்க எறும்பைக் கொண்டுவந்தது வரை எல்லாம் உன் தங்கச்சியிடம் சொல்லியாயிற்று. அவள் எறும்பை மட்டும் நம்பினாள்.

ஹோட்டல் ஊரின் பழைய கோட்டை மதிலுக்குள், சான் தியேகோ பக்கம். மொத்தமே ஒன்பது அறை. அங்கே ஒவ்வொரு தெருத் துண்டுக்கும் தனிப்பெயர். மூலை திரும்பினால் பெயர் மாறிவிடும். பக்கத்தில் ஒரு தெருவின் பெயர் தும்பமுயெர்த்தோஸ், அதாவது 'செத்தவனைக் கீழே போடும் தெரு'. பாடை தூக்குகிறவன் கால் இடறுகிற அளவுக்குத் தரை மோசமாக இருந்ததாம். இன்றைக்கு டிராலிப் பெட்டியை அதில் இழுத்துக்கொண்டு போகிறவனுக்கும் அந்தப் பெயர் புரியும்.

வாசல் கதவு இரண்டு ஆள் உயரம், முழுக்கப் பித்தளைக் குமிழ். அதைத் திறப்பதே இல்லை. உள்ளே ஒரு திட்டிவாசல், குனிந்துதான் நுழைய வேண்டும். கதவு தட்டும் வளையத்துக்குப் பதில் ஒரு பித்தளை மீன். 'வீடு எப்படியோ கதவுத் தட்டி அப்படி' என்று அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு. பிரபு குடும்பமென்றால் ஓணான், படைக்காரனென்றால் சிங்கம், கடல் வியாபாரியென்றால் மீன். ஆக, நாங்கள் தங்கியது ஏதோ ஒரு கப்பல் வியாபாரியின் வீடு. முப்பது வருஷம் கப்பலில் குப்பை கொட்டியவனுக்குப் பொருத்தம்தான் என்றாள் உன் தங்கச்சி.

உள்ளே போனதும் நடுவில் முற்றம், மேலே வானம், நாலு பக்கமும் தாழ்வாரம், மாடியில் மரக் கைப்பிடி வைத்த நடை. சுவர் ஒரு முழத்துக்கும் மேல் கனம். பெயிண்ட் உரிந்த ஓரிடத்தில் விரலால் தடவிப் பார்த்தேன். பவளக்கல், மாப்ளே! கடலிலிருந்து வெட்டியெடுத்து, சுண்ணாம்பு போட்டு, இடையிடையே செங்கல் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். தூத்துக்குடியில் உன் தாத்தா வீட்டுப் பின்சுவரில் அந்தப் பூப்பூவான ஓட்டை தெரியுமே, அதேதான். அப்போதே உனக்கு எழுத வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு அப்புறம் வருகிறேன்.

அறையைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும், கெட்டதும் சொல்ல வேண்டும். உத்தரம் போட்ட கூரை பதினைந்தடி உயரம் இருக்கும். பிப்ரவரி மாதம், வடகிழக்கிலிருந்து காற்று மாலையானால் தெருத்தெருவாகப் பாயும். அந்த வீட்டைக் கட்டியவன் அந்தக் காற்றை நினைத்துத்தான் வாசலையும் முற்றத்தையும் ஒரே நேர்கோட்டில் வைத்திருக்கிறான். ஹோட்டல்காரர்களோ எங்கள் அறையின் ஒரே ஜன்னலைக் கண்ணாடி போட்டு மூடி, ஏ.சி. மாட்டியிருக்கிறார்கள். அந்த ஏ.சி. முதல் ராத்திரி என் தலையணை மேல் சொட்டியது. வடிகுழாயைச் சரிவு இல்லாமல் போட்டிருக்கிறார்கள். நாற்காலி போட்டு ஏறி நானே வளைத்துவிட்டேன். குளியலறைக்குக் கதவு கிடையாது, அரைச்சுவர்தான். இதற்கு 'பூட்டிக்' என்று பெயராம். உன் தங்கச்சி ஒரு போர்வையைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டுத்தான் பல் தேய்க்கவே போனாள்.

தூக்கம் கெட்டதில் ஒரு லாபம். நடுராத்திரி முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது காவல்காரரோடு பழக்கமானது. என் வயசுதான் இருக்கும். என்னுடைய ஸ்பானிஷ் உனக்குத் தெரியும், ஸ்பேனர் பெயரும் கெட்ட வார்த்தையும்தான். முன்னே துறைமுகத்தில் மூட்டை ஏற்றியவராம். நான் கப்பல்காரன் என்றதும் 'ஹெஃபே', அதாவது 'முதலாளி', என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். முற்றத்து மூலையில் தரையில் பதித்திருந்த கண்ணாடியைக் காட்டி, அடியில் விளக்கைப் போட்டார். எட்டிப் பார்த்தால் கீழே ஒரு அறை அளவுக்குத் தொட்டி, வளைவுக்கூரையோடு. 'அல்ஹிபே' என்கிறார்கள். ஊருக்குள் நல்ல தண்ணீர் கிடையாது. மூன்று பக்கமும் உப்பு. அதனால் கூரையில் விழும் மழையை வழித்து முற்றத்துக்கு அடியில் சேர்த்து, அதைக்கொண்டுதான் வருஷம் முழுக்க ஓட்டியிருக்கிறார்கள். ஒரு வீட்டில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதையே அந்தத் தொட்டிதான் தீர்மானித்திருக்கும். கப்பலில் ஃப்ரெஷ் வாட்டர் டாங்கைத் தினமும் அளந்து பார்த்த எனக்கு இதைவிட அழகான இடம் அந்த ஊரில் வேறெதுவும் தெரியவில்லை. இப்போது அதில் தண்ணீர் இல்லை. பக்கத்தில் இடுப்பளவு ஆழத்தில் ஒரு நீச்சல் குளம் கட்டி, குழாய்த் தண்ணீரில் குளோரின் போட்டு வைத்திருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் நான் செய்ததைச் சொன்னால் நீ திட்டுவாய். எல்லாரும் வெள்ளை மணல் தீவுக்குப் போனார்கள். நான் துறைமுக வாயைப் பார்க்கப் போனேன்.

யோசித்துப் பார். இந்த ஊருக்கு நான் பத்துத் தடவையாவது வந்திருக்கிறேன். ஒருமுறைகூட உள்ளே வருவதைப் பார்த்ததில்லை. கப்பலுக்கு வழிகாட்டும் துறைமுக பைலட் ஏறினால் நான் கீழே இன்ஜின் ரூமில், பிரிட்ஜிலிருந்து உத்தரவு வரும் டெலிகிராஃப் பக்கத்தில். புறப்படும்போதும் அப்படித்தான். நீங்களெல்லாம் பிரிட்ஜில் நின்று காபி குடித்துக்கொண்டே பார்த்திருப்பீர்கள். இந்தத் தடவை ஒரு மோட்டார் படகில் முன்வரிசையில் உட்கார்ந்து போனேன். போக்காச்சிக்கா என்றால் 'சின்ன வாய்'. ஒரு பக்கம் சான் பெர்னாண்டோ கோட்டை, எதிரே தண்ணீர் மட்டத்திலேயே சான் ஹொசே பீரங்கி மேடை. நடுவில் போகிற கப்பலை இரண்டு பக்கமும் பிடித்துவிடலாம்.

இதைவிட அகலமான 'பெரிய வாய்', போக்காகிராந்தே, ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அப்படியிருக்க, கப்பல் எல்லாம் ஏன் இவ்வளவு சுற்றிக்கொண்டு வருகின்றன? அந்த வாயில் தண்ணீருக்கு அடியில் கல்லைக் கொட்டி ஒரு சுவர் எழுப்பிவிட்டார்கள், 1770களில். அப்போது ஊர் ஸ்பெயினின் கையில்; அந்தோனியோ தெ அரேவலோ என்ற ராணுவப் பொறியாளரின் வேலை. எதிரிக் கப்பல் சின்ன வாய் வழியாக மட்டும்தான் வர வேண்டும் என்பதற்காகக் கட்டியது. ஸ்பெயின் போய், பாய்மரம் போய், இன்றைக்கும் கன்டெய்னர் கப்பல் அந்த மனிதர் கைகாட்டிய வழியிலேயே போய்வருகிறது. நானும் பத்துத் தடவை, தெரியாமலேயே.

அந்த பயத்துக்குக் காரணம் உண்டு. 1586இல் இங்கிலாந்தின் பிரான்சிஸ் டிரேக் ஊரைப் பிடித்து, வீடுகளை எரித்து, ஒரு லட்சம் டுகாட் பொற்காசுக்கு மேல் கறந்துகொண்டுதான் போனான். அதற்கப்புறம்தான் மதில் வேலை மும்முரமானது. இருநூறு வருஷம் கட்டினார்கள். மாட்ரிட் அரண்மனை ஜன்னலில் நின்று மேற்கே பார்த்த ராஜா, 'இவ்வளவு செலவுக்கு அந்த மதில் இங்கிருந்தே தெரிய வேண்டுமே' என்றாராம். ஊர்க்கதைதான், ஆனால் கணக்குப்பிள்ளை எல்லா ஊரிலும் அப்படித்தான் பேசுவான்.

1741இல் பிரிட்டனின் அட்மிரல் வெர்னன் 180க்கும் அதிகமான கப்பல்களோடு வந்தார். எதிரே நின்றவர் ஸ்பெயினின் கடற்படைத் தளபதி பிளாஸ் தெ லெசோ. ஒரு கால் போய், ஒரு கண் போய், ஒரு கை முடமாகி, 'அரை மனிதன்' என்று பட்டப்பெயர் வாங்கியவர். கையில் ஆறே கப்பல். வெர்னன் சின்ன வாயை உடைத்து உள்ளே வந்தும்விட்டார்; ஜெயித்தாயிற்று என்று லண்டனில் பதக்கமே அடித்தார்கள், லெசோ மண்டியிடுவது போல. ஆனால் சான் பெலிப்பே கோட்டையடியில் படை நொறுங்கியது. மிச்சத்தை மஞ்சள் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பார்த்துக்கொண்டன. அந்தப் படையில் இருந்த லாரன்ஸ் வாஷிங்டன் ஊர் திரும்பி, தோற்ற அட்மிரலின் பெயரைத் தன் பண்ணைக்கு வைத்தார். பிற்பாடு அவர் தம்பி ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த மவுன்ட் வெர்னன் அதுதான். லெசோவோ அதே வருஷம் கார்ட்டஹேனாவில் செத்துப்போனார்.

இந்தக் கதையெல்லாம் வழிகாட்டிகள் உற்சாகமாகச் சொல்கிறார்கள். மதிலுக்குக் கல் சுமந்தது யார் என்று வரும்போது குரல் கொஞ்சம் இறங்குகிறது. மணிக்கூண்டுக்குள் நுழைந்ததும் ஒரு முக்கோணச் சதுக்கம் வருமே, நீ மிட்டாய் வாங்கிய இடம், அது ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்தவர்களை விற்ற சந்தை. நமக்கு அப்போது தெரியாது. பக்கத்துத் தேவாலயத்தில் பெத்ரோ கிளாவெர் என்ற பாதிரியாரின் எலும்புகளைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருக்கிறார்கள். அடிமைக் கப்பல் வந்ததும் பழமும் தண்ணீரும் மருந்தும் எடுத்துக்கொண்டு கப்பலின் அடித்தளத்துக்கே இறங்கிப் போனவர், 1654இல் இறந்தார். அந்த அடித்தளம் எப்படி நாறியிருக்கும் என்று உனக்கும் எனக்கும் ஓரளவு ஊகிக்க முடியும். மற்றப் பயணிகள் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அடிமைகளில் தப்பி ஓடியவர்கள் காட்டுக்குள் தங்களுக்கென்று ஊர்கள் கட்டிக்கொண்டார்கள். அதில் நிலைத்த ஒன்று சான் பாசிலியோ தெ பாலென்கே. கார்ட்டஹேனாவிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்தான். தனி மொழியே பேசுகிறார்கள். அந்த ஊர்ப் பெண்கள்தான் தலையில் பழக்கூடையோடு, மூன்று வண்ணப் பாவாடையில், மதிலுக்குள் நிற்கிறார்கள். படம் எடுத்தால் காசு கேட்கிறார்கள் என்று ஒரு பயணி அலுத்துக்கொண்டார். கேட்கட்டுமே! உன் தங்கச்சி ஒருத்தியிடம் 'அலெக்ரியா' வாங்கினாள். தினைப்பொரி, தேங்காய், வெல்லப்பாகு சேர்த்துப் பிடித்த உருண்டை. பனேலா என்று அவர்கள் சொல்வது நம்ம கரும்பு வெல்லமேதான். ஒரு கடி கடித்துவிட்டு, "இது பொரியுருண்டைங்க" என்று அந்தப் பெண்ணிடமே தமிழில் சொல்ல, அவள் ஏதோ பதில் சொல்ல, இரண்டு பேரும் ஐந்து நிமிஷம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. தேங்காய்ச் சோறுதான் ஏமாற்றம். தேங்காய்ப்பாலை எண்ணெய் பிரிந்து பழுப்பாகும் வரை காய்ச்சி அதில் அரிசியைப் போடுகிறார்கள், வாசனை ஊரைக் கூட்டுகிறது, வாயில் வைத்தால் இனிப்பு. வறுத்த மீனோடு சாப்பிட வேண்டுமாம். நான் சாப்பிட்டேன், அவள் தயிர் தேடினாள்.

ஹெத்செமானியை நீ பார்த்தால் அடையாளம் தெரியாது. நாம் பர்ஸை உள்பையில் வைத்துக்கொண்டு ஓடிய மெதியா லூனா தெருவில் இப்போது வெளிநாட்டுப் பிள்ளைகள் முதுகுப்பையோடு காபி குடிக்கிறார்கள். சுவரெல்லாம் ஓவியம். நம் காவல்காரர் பிறந்தது அங்கேதான். அவருடைய அம்மா போனபின் வீட்டை அண்ணன் தம்பிகள் விற்றுவிட்டார்கள், நல்ல விலைதான். இப்போது அதுவும் ஹோட்டல். அவர் ஊரின் தெற்குக் கோடியில் இருந்து ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்து, எங்கள் ஹோட்டல் திட்டிவாசலைக் காக்கிறார். எதிர்வரிசையில் ஏழு வீடு. ராத்திரி எண்ணினேன், பயணிகள் தங்கும் மூன்றில்தான் விளக்கு எரிந்தது.

கடைசி நாள் சாயங்காலம் மொட்டைமாடிக்கு மேல் இருந்த சின்னக் கூண்டில் ஏறினேன். அந்தக் காலத்து வியாபாரி தன் கப்பல் வருகிறதா என்று பார்க்கக் கட்டியது. மங்காவின் கிரேன்கள் தெரிந்தன. ஒரு கப்பல் புறப்படத் தயாராக இருந்தது. பிற்பாடு நான் வந்த காலத்தில், கயிறு அவிழ்க்கும் முன் முக்குளிப்பவர்களை இறக்கி, கப்பலின் அடியில் கடல்நீரை உள்ளே எடுக்கும் 'ஸீ செஸ்ட்' கிராதிக்குப் பின்னால் யாராவது போதைப்பொருள் ஒட்டியிருக்கிறார்களா என்று தடவிப் பார்ப்பார்கள். உங்க ஊர்ச் சங்குகுளிக்கிறவர்களைப் போல் குமிழியோடு மேலே வருவார்கள். அவர்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் வரை எங்களுக்கு வயிற்றில் புளி கரையும். அந்தக் கப்பலிலும் இப்போது ஒரு ஃபோர்த் இன்ஜினியர் கீழே இருப்பான். அவனும் எதையும் பார்க்க மாட்டான்.

சரி, உன் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். தாத்தா வீட்டை வாங்கி ஹோட்டலாக்கக் கேட்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாய். விற்காதே. வாடகைக்குக் கொடு, பத்து வருஷ ஒப்பந்தம் போதும். இல்லாவிட்டால் அந்த வீடு இடிந்துதான் விழும், நீயும் நானும் எத்தனை நாள் சுண்ணாம்பு அடிப்போம்? ஆனால் பத்திரத்தில் இரண்டு விஷயம் எழுதி வாங்கு. பவளக்கல் சுவர் மேல் சிமென்ட் பூசக்கூடாது, சுண்ணாம்புதான். சிமென்ட் பூசினால் சுவரால் மூச்சுவிட முடியாமல் உள்ளேயே உப்புப் பூத்து உதிரும். அப்புறம், கொல்லைக் கிணற்றை மூடிக் கண்ணாடி போட்டு விளக்கு வைக்கிற வேலை கூடாது. தண்ணீர் இறைக்கிற கிணறாகவே இருக்க வேண்டும்.

அதே சதுக்கத்துத் தூணடியில் உனக்கு ஒரு பெட்டி தேங்காய் மிட்டாய் வாங்கியிருக்கிறேன். மருமகன் மார்ச் கடைசியில் மதுரை வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். இந்தத் தடவை டப்பாவைச் சுற்றி டேப் ஒட்டியிருக்கிறது. சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சாப்பிடு. மிட்டாயில் இல்லை, உன் ரத்தத்தில்.

உன்,
ஃபோர்த் சாப்