நீ அனுப்பின பணத்துக்குக் கணக்கு

அன்பு மகனுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் தேவ கிருபையால் சுகம். அப்பாவுக்கு முட்டு வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் சாயங்காலம் தோட்டத்துக்கு ஒரு நடை போய் வந்தால்தான் அவருக்குத் தூக்கம் வருகிறது. உனக்குக் கருப்பட்டி வாங்கி வைத்திருக்கிறேன். உடன்குடிச் சரக்குதான். சீனி கலக்காதது என்று கடைக்காரர் சத்தியம் பண்ணுகிறார். உடைத்துப் பார்த்தேன், நம்பலாம் போலத்தான் இருக்கிறது.

போன வாரம் போனில் நீ ஒன்று கேட்டாய். பதில் சொல்லுமுன் லைன் போய்விட்டது. நீ இருக்கிற மிசோரம் ஐஸ்வாலில் மழை என்றால் எப்போதும் இதே கதைதான். வாட்ஸ்ஆப்பில் இவ்வளவும் தட்ட என் விரலுக்குப் பழக்கமில்லை. பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்ட கை, பேனா பிடித்தால்தான் ஓடுகிறது.

அறுப்பின் பண்டிகைக்கு நீ அனுப்பின பணத்தில் கோயிலுக்கு என்ன வாங்கிக் கொடுத்தோம், அதில் உன் பெயர் போட்டாச்சா என்றுதானே கேட்டாய்? கோயிலுக்கு ஒன்றும் வாங்கவில்லை, ராசா. பெயரும் போடவில்லை. கோபப்படாமல் முழுவதையும் படி.

பண்டிகையில் காணிக்கைப் பொருளை விடுகிற ஏலம் இந்த வருஷமும் அமர்க்களம்தான். சேகரத்தில் உள்ள எல்லா ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். வாழைத்தார், தேங்காய், முருங்கைக்காய்க் கட்டு, சேவல் எல்லாம் பீடத்துக்கு முன்னால் குவிந்து கிடந்தது. சேவல் ஆராதனை முழுக்கக் கூவிக்கொண்டே இருந்ததில் குருவானவர் ஐயரவாளுக்குப் பிரசங்கம் இரண்டு தடவை நின்றது. ஒரு பூசணிக்காயைச் சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு தம்பி ஏலம் எடுத்து, மறுபடி கோயிலுக்கே கொடுத்து, அதைத் துபாயில் இருக்கிற இன்னொருத்தர் போனிலேயே கேட்டு எடுத்தார். ஏலம் எனக்கும் பிடிக்கும். கோயில் செலவு பாதி அதில்தான் ஓடுகிறது. அதைக் குறை சொல்லி எழுத உட்காரவில்லை.

ஆனால் இந்தப் பெயர் விஷயம் எனக்குக் கொஞ்சம் சலித்துவிட்டது. நீயே பார்த்திருப்பாய். டியூப் லைட்டில் பெயர், பெஞ்சில் பெயர், குடிதண்ணீர்த் தொட்டியில் பெயர், நற்கருணை எடுக்கப் போனால் முழங்கால் போடுகிற மெத்தையில்கூடப் பெயர். ஃபேன் றெக்கையிலும் எழுதியிருக்கிறார்கள். சுற்றும்போது யாராலும் படிக்க முடியாது. கரண்ட் போனால் வியர்வையைத் துடைத்துக்கொண்டே சபை முழுவதும் அண்ணாந்து பார்த்துப் படிக்கிறது. "உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது" என்று வாசிப்பு வந்த ஞாயிற்றுக்கிழமையும் கரண்ட் போனது. நான் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த உன் பெரியம்மா என்னைக் கிள்ளினாள்.

சரி, கணக்குக்கு வருகிறேன்.

நம்ம கோயிலில் மணி அடிக்கிற கோயில்பிள்ளையின் மனைவிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். திருநெல்வேலி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் காப்பீட்டு அட்டையில் செய்கிறார்கள், அதற்குப் பணம் கேட்பதில்லை. பணம் போகிற வழி வேறு. காலை முதல் பஸ்ஸில் போய்விடலாம். நாலு மணி நேரம் மெஷினில் இருந்து இறங்கினதும் அந்தப் பிள்ளைக்குத் தலை நிற்காது. பிரஷர் இறங்கிப்போகும். பஸ் ஸ்டாண்டில் இடித்துப் பிடித்து ஏறி, நின்றுகொண்டே நாசரேத் வரை வருவது என்பது நடக்கிற காரியமா? ஒரு நாள் ஸ்ரீவைகுண்டத்தில் பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிட்டு, முகத்தில் தண்ணீர் தெளித்து உட்கார வைத்திருக்கிறார்கள். இதையும் அவள் சொல்லவில்லை. மணி அடிக்க அவர் ஏன் பிந்தி வந்தார் என்று கமிட்டியில் கேட்டபோதுதான் வெளியே வந்தது.

போகும்போது பஸ், திரும்பும்போது கார். இதுதான் ஏற்பாடு. நம்ம தெரு முனையில் கார் ஓட்டுகிற பையனிடம் பேசினேன். மதியச் சாப்பாடும் அவனே வாங்கிக் கொடுத்துவிடுவான். உன் பணம் அவன் கையில் இருக்கிறது. நோட்டில் எழுதி வைக்கிறான், சனிக்கிழமை நான் பார்க்கிறேன். நம்ம சபைப் பெண்கள் ஐக்கிய சங்கம் கொடுக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைக்கட்டும். நீ வரும்போது உளறிவிடாதே. உன் அக்காவிடமும் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் அரிசி ஆலை மணி அடிக்குமுன் ஊருக்கே தெரிந்துவிடும்.

அப்பா இதற்கு முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "பிள்ளை ஆசையாக ஒன்றுக்கென்று அனுப்பினான். அவனைக் கேட்காமல் நீ வேறொன்றுக்குத் திருப்பலாமா?" என்றார். நியாயமான கேள்வி. கேட்டால் நீ சரி என்றுதான் சொல்லியிருப்பாய் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. பெயர் போட்டே ஆக வேண்டும் என்றால் சொல், அடுத்த சம்பளத்தில் ஒரு ஃபேனுக்கு அனுப்பு. சின்ன எழுத்தில் போடச் சொல்கிறேன்.

நீ அந்த அரிசி விஷயத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு இந்த யோசனையே வந்திருக்காது. நீ குடியிருக்கிற வீட்டின் சொந்தக்கார அம்மா ஒவ்வொரு வேளையும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியாக ஒரு டப்பாவில் போடுகிறார், கேட்டால் சபைக்கு என்கிறார் என்று நீ அதிசயமாகச் சொன்னாயே. 'புஃபாய் தாம்' என்று பெயர்கூடச் சொன்னாய். 1910இல் ஐஸ்வாலில் பெண்கள் தொடங்கினது, ஊழியக்காரர்களைத் தாங்குகிற பெரிய வருமானமே அதுதான் என்று அங்கே சொல்கிறார்களாம். அதற்கு அடுத்த வருஷமே மூங்கில் பூத்து, எலி பெருகி, வயலைத் தின்று, மிசோரம் முழுக்கப் பஞ்சம் வந்திருக்கிறது. பிடி அரிசி தொடங்கி ஒரு வருஷத்தில் அடுப்பங்கரையில் அரிசியே இல்லை. அதற்கப்புறமும் அந்த டப்பா இன்று வரை நிற்கிறது என்றால் அந்தப் பெண்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

நீ அதிசயப்பட்டது எனக்கு அதிசயமாக இருந்தது. நம்ம வீட்டிலும் அது இருந்ததே! உனக்கு நினைவு தெரியுமுன் நின்றுபோனது. உன் பாட்டி அடுப்புக்கு மேலே பரணில் ஒரு மண் கலயம் வைத்திருந்தார்கள். அரிசி களையுமுன் ஒரு பிடி அதில் போகும். களைந்த பிறகு போடக்கூடாது, ஈரம் பட்டால் வண்டு வைக்கும். சாப்பிட்டு மிச்சம் வந்ததையும் போடக்கூடாது. நான் கல்யாணம் ஆகி வந்த புதிதில் ஒரு நாள், "அத்தை, இன்றைக்கு ஆள் கூட, அரிசி குறைச்சல், நாளைக்கு இரண்டு பிடியாகப் போட்டுவிடலாமே" என்றேன். "நாளைக்கும் ஆள் கூடினால்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போட்டார்கள். அறுபதுகளில் அரிசித் தட்டுப்பாடு வந்த வருஷங்களில் வீட்டில் கேப்பைக் கூழ்தானாம். அரிசி இல்லாத நாளில் கலயத்தில் ஒரு சில்லுக் கருப்பட்டி போட்டிருக்கிறார்கள். தாத்தா அப்போது பனையேறிக்கொண்டிருந்தார். உச்சியில் நின்று பார்த்தால் மெஞ்ஞானபுரம் கோயில் கோபுரம் தெரியும், அதைப் பார்த்து ஒரு ஜெபம் பண்ணிவிட்டுத்தான் பாளையைத் தொடுவேன் என்பார். 192 அடிக் கோபுரம், தெரியத்தான் செய்யும்.

சாறிபாத் விதவையின் கதையை உனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன். பானையில் ஒரு பிடி மாவு, கலசத்தில் கொஞ்சம் எண்ணெய். அதைச் சுட்டுத் தின்றுவிட்டுத் தானும் மகனும் சாகப் போவதாகச் சொன்னவளிடம், முதலில் எனக்கு ஒரு அடை சுடு என்று எலியா கேட்கிறார். ஞாயிறு பள்ளியில் நீ எழுந்து நின்று, "பசியில் இருக்கிறவளிடம் போய்க் கேட்கிறாரே, இது நல்லா இருக்கா?" என்று கேட்டாய். எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போதும் அந்தக் கேள்வி சரியென்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒன்று பார், அந்தப் பானை அப்புறமும் நிரம்பி வழியவில்லை. குறையவில்லை, அவ்வளவுதான். அன்றன்றைக்கு அடை சுட மாவு இருந்தது. அவள் பணக்காரி ஆனாள் என்று வேதத்தில் இல்லை. இதைச் சொல்கிற பிரசங்கியாரைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளாளன்விளையை உனக்குத் தெரியும். உன் சித்தி வீட்டுக்குப் போகிற வழி. அந்த ஊர்க் குருவானவர் வேதநாயகம் ஐயரின் மகன்தான் அசரியா பேராயர். 1903இல் பாளையங்கோட்டையில் அவரும் கூட இருந்தவர்களும் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினபோது வைத்த விதி ஒன்றுதான்: நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம். வெளிநாட்டுக் காசு வேண்டாம். அப்போது திருநெல்வேலிச் சபைகளில் யாரிடம் என்ன காசு இருந்தது? பனையும் கருப்பட்டியும்தான். அந்தக் காணிக்கையில் தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். அவரும் தோர்ணக்கல் போய்த் தெலுங்கு படித்து அங்கேயே கிடந்தார். 1912இல் ஆங்கிலிகன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அவருடைய படத்தை எல்லாரும் மாட்டி வைத்திருக்கிறோம். அவருக்கு வண்டிக் கூலி கொடுத்த கிழவிகளின் படம் எங்கேயும் இல்லை. இருந்தால் நம்ம பாட்டியின் ஆத்தாளும் அதில் நிற்பாள் என்று எனக்கு ஒரு எண்ணம்.

நீ போனில் சொன்ன இன்னொரு காரியத்தை நான் இன்னும் மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். உன் தெருவில் பெரியவர் ஒருவர் இறந்தபோது நீயும் போய்க் குழி வெட்டினாய் என்றாயே, அது. அங்கே ஒய்.எம்.ஏ. என்கிற மிசோ வாலிபர் சங்கம் 1935இலிருந்து இருக்கிறது, யார் வீட்டில் சாவு விழுந்தாலும் வாலிபர்கள் மண்வெட்டியோடு வந்துவிடுவார்கள், கூலி கிடையாது, ராத்திரி அந்த வீட்டில் உட்கார்ந்து விடிய விடியப் பாடுவார்கள் என்றாய். பேங்க் ஆபீசர் என்று உன்னை விட்டுவிடவில்லையாம். நீயும் விலகி நிற்கவில்லையாம்.

அப்பாவிடம் சொன்னேன். "அவனுக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியுமா?" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

நம்ம ஊரில் குழி வெட்ட ஒரு தெரு இருக்கிறது. எந்தத் தெரு என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவர்களும் நம்ம சபைதான், ஞானஸ்நானம் எடுத்தவர்கள்தான், ஒரே அப்பத்தில்தான் பங்கு எடுக்கிறோம். பாட்டனார் காலத்திலிருந்து மண்வெட்டி மட்டும் கை மாறவில்லை. குழி வெட்டி முடித்து, கூலியை வாங்கிக்கொண்டு, அடக்க ஆராதனை நடக்கும்போது வேப்பமரத்தடியில் தள்ளி நிற்பார்கள். அது ஒரு வழக்கம் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். உன் பாட்டி, கலயத்தில் பிடி அரிசி போட்ட அதே பாட்டி, நீ குழி வெட்டினாய் என்று கேட்டிருந்தால் தலையில் தண்ணீர் ஊற்றிக் குளித்துவிட்டு உள்ளே வா என்றிருப்பார்கள். நான் அவர்களைத் தூக்கிவைத்தே எழுதினால் நீ நம்பக் கூடாது என்றுதான் இதையும் எழுதுகிறேன்.

அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பார். எருசலேம் சபையில் முதல் சண்டையே சோற்றுப் பந்தியில்தான் வந்தது. கிரேக்குப் பேசுகிற விதவைகளை அன்றாடப் பந்தியில் விட்டுவிட்டார்கள் என்று முறுமுறுப்பு. அதற்காக ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். அதில் முதல் பெயர் ஸ்தேவான். முதல் இரத்தசாட்சி என்று நாம் அவருக்குக் கோயில் கட்டுகிறோம், பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறோம். அவரைக் கூப்பிட்டது பந்தி விசாரிக்க. யாருக்கு இலை போடவில்லை என்று பார்க்கிற வேலைக்கு. கோயில் அசன விருந்தில் நீ வாளி தூக்கி சாம்பார் ஊற்றின நாளில், கடைசிப் பந்தியில் காய் இல்லை என்று சமையல்காரரிடம் போய்ச் சண்டை போட்டாயே, அன்றைக்கு எனக்கு இந்த அதிகாரம்தான் ஞாபகம் வந்தது. கடைசிப் பந்தியில் எப்போதும் எந்தத் தெரு உட்காரும் என்பதும் எழுதாமலே உனக்குத் தெரியும்.

கிறிஸ்துமசுக்கு லீவு கிடைக்குமா என்று சீக்கிரம் கேட்டு வை. கவுகாத்தி வரை வந்து ரயில் ஏறுவதா, விமானமா என்று அப்பா இப்போதே டைம்டேபிள் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

இன்னொரு காரியத்துக்கு உன் உதவி வேண்டும். பிடி அரிசியை மறுபடி தொடங்கலாம் என்று பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பேச்சு எடுத்தேன். பாதிப் பேர் சரி என்றார்கள். மீதிப் பேர் கேட்ட கேள்வியில் நியாயம் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஊர் முழுக்க ஒரே அரிசி. இப்போது ஒரு வீட்டில் பொன்னி, ஒரு வீட்டில் ரேஷன் அரிசி, ஒரு வீட்டில் பச்சரிசி, சர்க்கரை வந்த வீட்டில் சிறுதானியம். எல்லாம் ஒரே சாக்கில் கலந்தால் யார் வாங்குவார்கள்? கோழிக்குத்தான் போட வேண்டும். காசாகக் கொடுத்துவிடலாமே என்கிறார்கள் சின்னப் பிள்ளைகள். காசு என்றால் ஞாயிறு காலை கைப்பையைத் துழாவிப் போடுவதோடு முடிந்துவிடும், தினமும் உலை முன்னால் கை நிற்காது என்று எனக்குத் தோன்றுகிறது. நான் நினைப்பது சரியில்லாமலும் இருக்கலாம்.

ஆகவே அந்த வீட்டுச் சொந்தக்கார அம்மாவிடம் விவரமாகக் கேள். வீடு வீடாக யார் போய் வாங்குகிறார்கள், என்றைக்கு, எதில் அளக்கிறார்கள், ரகம் ரகமாகப் பிரிக்கிறார்களா, அந்த அரிசியை யாருக்கு என்ன விலைக்கு விற்கிறார்கள், கணக்கு எழுதுவது யார், வண்டு வராமல் என்ன போட்டு வைக்கிறார்கள். இங்கே வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போடுவோம் என்று அவர்களிடமும் சொல். சங்கக் கூட்டம் இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. அதற்குள் பதில் வந்தாக வேண்டும், போனில் லைன் கிடைக்காவிட்டால் ஒரு தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்பு.

அன்புள்ள,
அம்மா