மிக்கோனோஸில் ஒரு நாளைக் கூடுதலாக வை

அன்புள்ள மகளுக்கு,

கிரீஸ் போகும் அட்டவணையைத் தம்பி காட்டினான். நீயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், போகட்டும். சூனியோன், டெல்ஃபி, டெலோஸ் என்ற பழைய கோயில் தலங்கள் மூன்றையும் ஒன்றோடொன்று இடிக்காமல் அடுக்கியிருக்கிறாய். ஏஜெண்ட்கூட இவ்வளவு சுத்தமாகப் போட்டிருக்க மாட்டான். ஒரே குறை, ஆகஸ்ட் மாதத்துக் காற்றுக்கு அதில் இடமே விடவில்லை.

மெல்டெமி என்பார்கள். பால்கன் பக்கம் காற்றழுத்தம் கூடி, துருக்கிப் பக்கம் குறையும்போது, நடுவில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து இறங்கும். மேகமோ மழையோ இருக்காது. வானம் பளிச்சென்று இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதே. பிற்பகலில்தான் வலுக்கும், பிடித்தால் சில நாள் விடாது. முன்னறிவிப்பில் காற்றின் வலுவைச் சொல்லும் போஃபோர்ட் எண்ணைப் பார். 6, 7 வந்தாலே வேகமாகப் போகும் கேட்டமரான் படகுகளை நிறுத்தத் தொடங்குவார்கள். 8 என்றால், அதாவது காற்று மணிக்கு 34 கடல் மைலுக்கு மேல், கார் ஏற்றும் பெரிய கப்பலும் பெரும்பாலும் துறையிலேயே கிடக்கும். அதனால் மிக்கோனோஸ் தீவுக்குப் பெரிய கப்பலிலேயே டிக்கெட் எடு; நேரம் கூடும், ஆட்டம் குறையும். பிரேயஸ் துறைமுகத்தைவிட ரஃபினா துறைமுகத்திலிருந்து தூரம் குறைவு, விமான நிலையத்துக்கும் பக்கம். கீழ்த்தட்டில், கப்பலின் நடுவாக்கில் உட்கார். கப்பல் ரத்தானால் பணம் திரும்பும், நாள் திரும்பாது. அதற்குத்தான் மிக்கோனோஸில் ஒரு நாளைக் கூடுதலாக வை என்கிறேன்.

டெலோஸுக்கு அங்கே பழைய துறைமுகத்திலிருந்து சிறிய படகு, அரை மணி நேரம். காற்று வந்தால் அதுவும் நிற்கும். காலை முதல் படகில் போ. தீவில் இரவு தங்க அனுமதி இல்லை. கடைசிப் படகு எப்போது என்று இறங்கும்போதே கேட்டுக்கொள். நிழலே கிடையாது. இரண்டு லிட்டர் தண்ணீரும் தாடையில் கட்டுகிற தொப்பியும் வேண்டும். பலரும் அங்குள்ள கற்சிங்கங்களைப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நக்ஸோஸ் தீவுப் பளிங்கில் கி.மு. 7ஆம் நூற்றாண்டில் செய்தவை. இப்போது வெளியே நிற்பவை நகல்கள். ஒரு சிங்கம் வெனிஸில் ஆயுதசாலை வாசலில் இருக்கிறது. அவை பார்த்திருக்கும் பள்ளம்தான் புனித ஏரி. மலேரியாவுக்குப் பயந்து 1920களில் வற்றவைத்தார்கள். அப்பல்லோ தெய்வம் பிறந்த தீவு என்பதால் கி.மு. 426இல் ஏதென்ஸ்காரர்கள் புதைகுழிகளையெல்லாம் தோண்டி எதிரேயுள்ள ரினியா தீவுக்கு மாற்றினார்கள். பிறகு டெலோஸில் யாரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது. நிறைமாதப் பெண்களையும் அக்கரைக்குத்தான் படகேற்றினார்கள். கிந்தோஸ் குன்றில் நின்றால் ரினியா தெரியும். உயரம் 112 மீட்டர்தான், ஆனாலும் காற்று நாளில் ஏறாதே. தனியாக என்றால் நிச்சயம் ஏறாதே.

அறை ஒருவருக்கா இரண்டு பேருக்கா என்று அம்மா கேட்கச் சொன்னாள். வாடகையில் பெரிய வித்தியாசம் இருக்காதாம், அதற்காகக் கேட்கிறாள்.

சூனியோன் சுலபம். ஏதென்ஸிலிருந்து சுமார் 70 கி.மீ. கடலோர பஸ்ஸில் போகும்போது வலப்பக்க ஜன்னலைப் பிடி. கடல் தெய்வம் போஸைடனின் கோயில் தூண்களில் வரிகளை எண்ணிப் பார்: ஒவ்வொன்றிலும் 16 வரிப்பள்ளம், இந்த டோரிக் பாணியின் வழக்கமான தூணில் 20 இருக்கும். பக்கத்திலேயே அக்ரிலேசாவில் வெட்டிய பளிங்கு. அதில் இரும்பு இல்லாததால் ஏதென்ஸின் பார்த்தெனான் கோயில் போல மஞ்சள் ஏறாமல் இன்னும் வெளுப்பாகவே நிற்கிறது. ஏதென்ஸை நெருங்கும் கப்பல்காரன் கடலிலிருந்தே தேடும் அடையாளம். அதன் அடியிலேயே நீ போய் நிற்கப் போகிறாய். என் மகள் என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். சூரியன் இறங்கிய பிறகு திரும்ப பஸ் உண்டா என்று போகும்போதே நடத்துநரிடம் கேள். இருட்டிய பின் அந்த முனையில் தனியாக நிற்க வேண்டாம்.

டெல்ஃபியில் கோயில் வளாகம் திறந்தவுடன் உள்ளே போய்விடு. புனிதப் பாதையின் கற்கள் தேய்ந்து வழுக்கும், ரப்பர் அடி ஷூ போட்டுக்கொள். மியூசியத்தில் வெண்கலத் தேரோட்டி சிலையின் முகத்துக்குக் கிட்டே போய்ப் பார். இமை மயிர்கூட அப்படியே இருக்கிறது.

முக்கியமானதைக் கடைசியில் எழுதுகிறேன். 16ஆம் தேதி மிக்கோனோஸிலிருந்து திரும்புவதாகப் போட்டிருக்கிறாய். ஆகஸ்ட் 15 தீனோஸ் மாதா திருநாள். பக்கத்துத் தீவுதான், பல கப்பல்கள் இரண்டிலும் நின்று போகும். வேளாங்கண்ணியில் மணலில் முழங்காலால் போவார்களே, அதேபோல் துறைமுகத்திலிருந்து கோயில் வரை ஏற்றத்தில் ஊர்ந்து போவார்கள். தெரு ஓரமாகக் கம்பளமே விரித்திருக்கும். அத்தனை கூட்டமும் 15, 16இல்தான் திரும்பும். ஆகவே கூடுதல் நாளைப் பின்னால் சேர்க்காதே, ஏதென்ஸில் ஒரு நாளைக் குறைத்து முன்னால் சேர்.

இன்னொரு டிக்கெட் எடுப்பதாக இருந்தால் இப்போதே எடு. கடைசி நேரத்தில் ஒருவர் மனம் மாறி வருகிறேன் என்றால் அந்த வாரம் இடம் கிடைக்காது. மாப்பிள்ளையின் பாஸ்போர்ட் நகல் என்னிடம் இருக்கிறது. வேண்டுமென்றால் சொல், அனுப்புகிறேன்.

அப்பா