மிக்கில்கேட் பார்

மதுரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய புது வீட்டு முகவரி வந்தது. ஒரு முகவரியை உறை மேல் என் கையால் எழுதினால்தான் அது எனக்கு மனசில் நிற்கும். முப்பத்தொரு வருஷம் தபால் பை சுமந்த பழக்கம். அதனால்தான் போனில் பேசாமல் இந்தக் கடிதம்.

தாத்தா ஏன் அன்றைக்கு சாராயக்கடை வாசலில் நின்றார் என்று பேரன் கேட்டதாகச் சொல்லிச் சிரித்தாயே, அவனுக்கு நீ பாதிக் கதைதான் சொல்லியிருப்பாய். மீதியை இதைப் படித்துக் காட்டு.

நான் இங்கிலாந்தில் உன் யார்க் ஊருக்கு வந்த நாலாவது நாள். "அஞ்சு மணிக்கு மிக்கில்கேட் பார்கிட்ட நில்லுங்கப்பா, நான் வந்து கூட்டிக்கிறேன்" என்றாய். கேட் என்றால் வாசல். பார் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. பெற்ற மகள் போகச் சொல்கிற இடமா இது என்று நினைத்துக்கொண்டே ஆற்றுப் பாலத்துப் பக்கமிருந்து ஏறினேன். வாசல் எதையும் காணோம். பாருக்குப் பஞ்சமில்லை. அதில் கொஞ்சம் மரியாதையாகத் தெரிந்த ஒன்றின் முன்னால் குடையைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றேன். உள்ளேயிருந்து ஒரு பெரியவர் எட்டிப் பார்த்து, மழையில் ஏன் நிற்கிறீர்கள், வாருங்கள் என்று கை காட்டினார். நல்ல மனுஷன். நீயோ மேட்டின் உச்சியில், தெரு வளைந்து மறைகிற இடத்தில், கோட்டை வாசலடியில் நின்று எனக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாய்.

அந்த ஊரில் தெருவுக்குப் பெயர் கேட், வாசலுக்குப் பெயர் பார் என்று அன்று ராத்திரிதான் புரிந்தது. 866-இல் வடக்கேயிருந்து கடல் தாண்டி வந்த வைக்கிங்குகள் யார்க்கைப் பிடித்தார்கள். அவர்கள் மொழியில் 'கதா' என்றால் தெரு. 'மிக்கில்' என்றால் பெரிய. ஆக மிக்கில்கேட் நம் கணக்கில் பெரிய தெரு, அவ்வளவுதான். வழியை மறிக்கிற குறுக்குக் கட்டைதான் பார். கோட்டை வாசலுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, குடிக்க வருகிறவனுக்கும் ஊற்றுகிறவனுக்கும் நடுவே இருக்கிற தடுப்புக்கும் ஒட்டிக்கொண்டது. நீ நின்ற பாரும் நான் நின்ற பாரும் ஒரே சொல், போ!

பேரன் ரொம்பச் சிரித்தால் இதையும் சொல்: ஒரு வெள்ளைக்காரர் மதுரைக்கு வந்து, சித்திரைத் தேர் பார்க்கச் சித்திரை வீதியில் போய் உட்கார்ந்தால் அவரும் ஏமாந்துதான் போவார். தேர் ஓடுவது மாசி வீதியில்.

அதற்கப்புறம் தெருப் பலகையைக் கண்டால் விடாமல் எல்லாரையும் கேட்டு நச்சரித்தேனே, ஞாபகம் இருக்கிறதா? பழைய வீட்டுப் பக்கத்து அம்மா, 'ரைட் அப் யுவர் ஸ்ட்ரீட்' என்றார். நான் மெனக்கெட்டு நம் தெருவைத் திரும்பிப் பார்த்தேன். உங்களுக்கென்றே அமைந்த விஷயம் என்று அர்த்தமாம். தபால்காரனிடம் இதைவிடப் பொருத்தமாக யார் சொல்ல முடியும்?

ஸ்ட்ரீட், ரோமானியர் போட்ட சொல். லத்தீனில் 'ஸ்த்ராதா' என்றால் கல் பாவிய வழி. ரோடு அப்படி இல்லை, 'ரைடு' என்பதோடு பிறந்தது. குதிரையேறிப் போவதைத்தான் முதலில் குறித்தது. நான் தபால் கொடுத்துச் சுற்றிய பீட் அனுபவத்தில் சொன்னால், தெரு வீடுகளுக்காக இருக்கிறது, ரோடு எங்கேயோ போகிறது. லண்டனின் நடுவில் 'சிட்டி' என்கிறார்களே, அந்தப் பழைய சதுர மைலுக்குள் 1994 வரை ரோடு என்று பெயர் முடிகிற வழி ஒன்றுகூட இல்லையாம். அந்த வருஷம் எல்லையை மாற்றியதில் காஸ்வெல் ரோட்டில் ஒரு துண்டு உள்ளே வந்துவிட்டது. இப்போது இதெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. நீ இருந்த பழைய வீடும் ரோடுதான், இரண்டு பக்கமும் வீடு தவிர வேறொன்றுமில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புது முகவரியில் 'க்ளோஸ்' என்று இருக்கிறது. மாப்பிள்ளையிடம் கேட்டேன். ஒரு பக்கம்தான் வழி, மறு பக்கம் அடைப்பு என்றார். முட்டுச்சந்து என்று நேராகச் சொல்ல வேண்டியதுதானே! எனக்கு அதில் குறையில்லை. தபால்காரனுக்கு முட்டுச்சந்து பிடிக்கும். ஒரு வரிசையில் கொடுத்துக்கொண்டே போய் மறு வரிசையில் திரும்பலாம், பின்னால் ஹாரன் அடிக்க ஆள் கிடையாது. நாய் மட்டும்தான்.

உன் அம்மாவுக்குத்தான் தூக்கமில்லை. சந்து நேராக வந்து உன் வாசலில் முட்டுகிறதா, இல்லை வரிசையில் ஒரு வீடா? தெருக்குத்து இருந்தால் ஆகாது என்று ஒரு சாண் உயரத்தில் கல் பிள்ளையார் வாங்கி வைத்துவிட்டாள். அந்த ஊரில் எல்லார் வீடும் இப்படித்தானாம் என்றேன், எல்லார் வீட்டிலும் என் பொண்ணா இருக்கிறாள் என்று கேட்டாள்.

வாசலில் நின்று, சந்து முழுசாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பு. அதைப் பார்த்த பிறகுதான் பிள்ளையாரை எடை போடப் போகிறேன்.

இப்படிக்கு,
அப்பா