மேல்வீட்டுக்காரருக்கும் சேர்த்து

ஊர்ப் பெரியவர்களுக்கும் அக்கா தங்கச்சிகளுக்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

மலர்க் கண்காட்சியை ஒட்டி தோட்டக்கலைத் துறை நடத்தும் பூங்காப் போட்டியில், சிறிய தோட்டங்களுக்கான பிரிவில் எங்கள் வீட்டுக்கு இரண்டாம் பரிசு கிடைத்திருக்கிறது. முதல் பரிசு யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. சுழற்கோப்பையை அவர் ரோட்டைப் பார்த்த ஜன்னலில்தான் வைத்திருக்கிறார்.

இந்தத் தோட்டம் என் மனைவியுடையது. ஐப்பசி மழையில் அவள் போய்ச் சேர்ந்தாள். ஊட்டியில் 1896-இல் தொடங்கிய கண்காட்சி 2020, 2021 இரண்டு வருடமும் கொரோனாவால் நடக்கவில்லை. நடுவர் யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தும் அவள் நாற்று விட்டாள், மேல்வீட்டுக்காரரும் விட்டார். அந்த அளவுக்குப் பகை. அவள் போன பிறகு எனக்குப் பூவின் மேல் திடீர் ஆசை வந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். கோப்பை அந்த வீட்டுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். அந்த ஆத்திரம் இல்லாமல் மார்கழியில் விடிவதற்கு முன் எழுந்து வெளியே வந்திருப்பேனா என்பது சந்தேகம்.

முதல் நன்றி என் கொழுந்தியாளுக்கு. அவளுடைய அக்கா விதைகளை ஹார்லிக்ஸ் பாட்டில்களில் போட்டு வைத்திருந்தாள். ஒன்றிலும் பூவின் பெயர் கிடையாது. ‘டாக்டர் வீட்டு சிவப்பு’, ‘குன்னூர் பெரிசு’, ‘கல்யாணத்துக்குப் போனப்ப எடுத்தது’ என்றுதான் எழுதியிருந்தாள். எது சால்வியா, எது ஆஸ்டர் என்று கொழுந்தியாள்தான் உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தாள். பெட்டூனியா விதை தூசு மாதிரி இருக்கும், சன்ன மணலில் கலந்துதான் தூவ வேண்டும் என்று சொன்னவளும் அவள்தான்.

அப்புறம் உறைபனி. நம் ஊரே பள்ளம், அதிலும் என் வீடு அடிப்பள்ளம். இரவில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கி என் வாசலில்தான் வந்து தேங்கும். என் வீட்டில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும்போது பத்தடி மேலே அவர் வீட்டில் பச்சையாகவே இருக்கும். அவர் தோட்டமும் ஒருநாள் கருகட்டும் என்று வேண்டிக்கொண்டதுண்டு, பலிக்கவில்லை. நாற்றுகளை மூட கோத்தகிரி மிலார் என்கிற புதர்ச்செடியை வெட்டிக் கொண்டுவந்து போட்ட பிக்கப் டிரைவர் தம்பிக்கு நன்றி, வாடகை வாங்க மறுத்துவிட்டான். பனி படிந்த இலையில் நேராக வெயில் பட்டால் இலை வெந்துவிடும். அதனால் வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் தெளித்துக் கரைக்க வேண்டும். விரல் மரத்துப்போய் நான் பூவாளியைக் கீழே போட்ட ஒரு காலையில், கேட்காமலே வந்து எடுத்துத் தெளித்த பால்கார அம்மாவை மறக்க மாட்டேன். இலைமக்கும் சாண எருவும் தந்தவர்களுக்கும், காட்டெருமை இறங்கிய இரவுகளில் டார்ச்சோடு வந்த பையன்களுக்கும் நன்றி.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். மாசி கடைசியில் மேல்வீட்டில் ஒரு பாத்தி சால்வியா முழுக்க வாடியது. நான்தான் ராத்திரியில் உப்புத்தண்ணீர் ஊற்றினேன் என்று டீக்கடையில் பேச்சு. செடி வாடியதில் எனக்குச் சந்தோஷம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் கை வைக்கவில்லை. என் பக்கம் நின்ற சுய உதவிக் குழு அக்காக்களுக்குப் பெரிய நன்றி. ‘அந்தம்மா நட்டு வளர்த்த ஜாதியில நாத்து வாங்காத வீடு இந்த ஊர்ல உண்டா? அவங்க வீட்டுக்காரர் செடிக்கு உப்பு ஊத்துவாரா?’ என்று கேட்டார்களாம். நர்சரி தம்பி ஒருபடி மேலே போனான். எல்லோர் முன்னாலும் அந்தப் பாத்தியில் ஒரு செடியைப் பிடித்து இழுத்தான். கையோடு வந்துவிட்டது, அடியில் வேரே இல்லை. கொத்தால் மண்ணைக் கிளறியதும் வெள்ளை வெள்ளையாக வேர்ப்புழு சுருண்டு கிடந்தது. யாரும் ஒன்றும் பேசவில்லை. மேல்வீட்டுக்காரரும் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. புழுவைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சரி, அவருக்கு எதற்கு நன்றி? துக்க வீடு, இந்த ஒரு வருடம் நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்று பெரியவர்கள் சிலர் அவரிடம் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கிறார்கள். முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் விட்டுக்கொடுத்து அந்தக் கோப்பை என் வீட்டுக்கு வந்திருந்தால் அதை என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. ஊரே என்னிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் ஒருவர்தான் வேலியோரம் நின்று, ‘ஆன்டிரினத்தை இப்படி நெருக்கி நட்டா காத்து எப்படிப் போகும்? உங்க வீட்டம்மா இருந்தா விடுவாங்களா?’ என்று கேட்டார். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் மறுநாள் செடிக்குச் செடி இடம் விட்டுப் பிரித்து நட்டேன். அவர் சொன்னது சரிதான். அதற்காக அவரைப் பிடிக்கும் என்று அர்த்தம் இல்லை.

நடுவர்கள் வந்த அன்று என் டேலியா நன்றாகவே நின்றது. பக்க மொட்டைக் கிள்ளிக் கிள்ளி, தண்டுக்கு ஒரே பூவாக விட்டிருந்தேன். புல்வெளி ஓரம்தான் சரியாக வெட்டுப்படவில்லை, மதிப்பெண் அங்கே போனதாகக் கேள்வி. அடுத்த வருடத்துக்கு ஓரம் வெட்டத் தெரிந்த ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

நாற்றுத் தட்டு கொடுத்தவர்கள் ஞாயிறு மதியம் வந்து எடுத்துக்கொள்ளலாம், கழுவி வைத்திருக்கிறேன். முட்டுக் கொடுத்த சீகைக் குச்சிகளும் இருக்கின்றன. மழை முடிந்து டேலியா கிழங்கு தோண்டும்போது கேட்கிற எல்லோருக்கும் தருவேன், மேல்வீட்டுக்கு மட்டும் கிடையாது.

இப்படிக்கு,
கீழ்வீட்டுக்காரன்