அர்னால்ட் அதிபரான கதை

ஆசிரியருக்கு,

எதிர்காலத்தைக் காட்டிய படங்கள் பற்றிய கட்டுரையில் 'டெமாலிஷன் மேன்' (1993) விட்டுப்போய்விட்டது. 2032-இல் நடக்கும் கதை. பல ஆண்டுகள் உறைநிலையில் கிடந்து கண்விழித்த ஸ்டலோன், 'ஸ்வார்ஸ்நெகர் அதிபர் நூலகம்' என்று காதில் விழுந்ததும் அதிர்ந்துபோவார். அவர் வெளிநாட்டில் பிறந்தவர்தான், ஆனாலும் மக்கள் செல்வாக்கால், அவர் அதிபராவதற்காக அமெரிக்க அரசியலமைப்பில் 61-ஆவது திருத்தமே வந்தது என்று பதில் கிடைக்கும். அன்றைய போட்டி நடிகரான அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகரை ஸ்டலோன் படத்திலேயே இப்படிச் சீண்டியது தனி ரகம்!

ஆஸ்திரியாவில் பிறந்து 1983-இல் அமெரிக்கக் குடிமகனான அர்னால்ட், 2003-இல் நிஜமாகவே கலிஃபோர்னியா ஆளுநரானார். பிறப்பால் அமெரிக்கக் குடிமகனானவரே அதிபராகலாம் என்பது அங்கே விதி. குடியுரிமை பெற்று 20 ஆண்டுகள் ஆனவர்களும் அதிபராகலாம் என்ற திருத்தத்தை அதே ஆண்டு செனட்டர் ஆரின் ஹேட்ச் கொண்டுவந்தார். கரைசேரவில்லை. நாடாளுமன்றத்தைத் தாண்டினாலும் 38 மாநிலங்கள் ஒப்புக்கொள்ள வேண்டுமே! இதுவரை வந்த திருத்தங்களே மொத்தம் 27தான்.

இலங்கையில் பிறந்த எம்.ஜி.ஆரை 1977-இல் முதல்வராக்கிய நமக்கு, அதிபர் பதவிக்கு அவர்கள் வைத்திருக்கும் இந்தக் கெடுபிடி கொஞ்சம் அதிகமாகத்தான் தெரிகிறது.

- ஒரு வாசகர், திருச்சி