எண்ணிக்கை குறைந்தால் வேலை குறைந்ததாகாது: மருத்துவமனை நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவமனை நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் பிரிவில் படம் எடுக்கும் ரேடியோகிராபர் நான். கோவிட் காலத்தில் எங்கள் பிரிவின் மாதக் கணக்கைப் பார்த்தவர்கள், இங்கே ஆட்கள் சும்மா இருக்கிறார்கள் என்று முடிவு கட்டினார்கள். சிலரை வார்டுக்கு மாற்றினார்கள். அடுத்த பெருந்தொற்றிலும் அதே கணக்கைப் பார்த்து அதே முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த மடல்.

எண்ணிக்கை சரிந்தது உண்மைதான். 2020 மார்ச்சுக்குப் பிறகு அவசரமில்லாத பரிசோதனைகள் பல நாடுகளில் தள்ளிவைக்கப்பட்டன. மார்பகப் புற்றுநோயைக் கண்டறிய எடுக்கும் மேமோகிராம் பரிசோதனை பல இடங்களில் அடியோடு நின்றது. அமெரிக்க மருத்துவமனைகளில் பக்கவாதத்துக்காக எடுக்கும் மூளை ஸ்கேன்கூட 39 சதவீதம் குறைந்ததாக அந்த ஆண்டு மே மாதம் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஊரடங்கு போட்டால் பக்கவாதம் வராமல் இருக்குமா? வந்தவர்களில் பலர் பயந்துபோய் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

அதே நேரத்தில் நெஞ்சு சிடியும் படுக்கையருகே எடுக்கும் போர்ட்டபிள் எக்ஸ்ரேயும் ஏறின. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு போர்ட்டபிள் படம் எடுப்பதைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பாருங்கள். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நோயாளியைத் தொடுவார், மற்றவர் மெஷினை மட்டும் தொடுவார். கதிர்வீச்சைத் தடுக்கும் ஈய ஏப்ரன் கட்டி, அதற்கு மேல் பாதுகாப்பு உடை. படம் பதியும் தட்டான டிடெக்டரைப் பிளாஸ்டிக் உறையில் போட வேண்டும். மயக்கத்தில் இருக்கும் நோயாளியின் முதுகுக்கடியில் அதைச் செருகும்போது வென்டிலேட்டர் குழாய் இழுபடக் கூடாது, கழுத்து நரம்பில் மருந்துக்காகப் போட்ட லைன் நகரக் கூடாது. கண்ணாடியில் ஆவி படிந்து டிஸ்ப்ளே மங்கலாகத்தான் தெரியும். படம் எடுக்க ஒரு நொடிகூட ஆகாது. பிறகு உறையைக் கழற்றி, டிடெக்டர், டியூப், கைப்பிடி, சக்கரம் வரை துடைத்து, உடையைக் கழற்றி, கை கழுவி அடுத்த படுக்கைக்குப் போக வேண்டும். உங்கள் பதிவேட்டில் இதுவும் ஒரு எக்ஸ்ரே. புறநோயாளி நடந்து வந்து நின்று எடுத்துப்போனதும் ஒரு எக்ஸ்ரே.

சிடி அறையின் கதையும் இதேதான். தொற்றுள்ளவர் வெளியே போனதும் அடுத்தவரை உடனே படுக்கவைக்க முடியாது. மேசையைத் துடைத்தால் மட்டும் போதாது. அறையின் காற்று மாற வேண்டும். காற்றோட்டத்தைப் பொறுத்து ஒரு மணி நேரம்வரைகூட ஆகலாம் என்று கதிரியக்க மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி அப்போதே சொன்னது. அதே அமைப்பு 2020 மார்ச்சில் சொன்ன இன்னொன்றும் உண்டு: கோவிட்டைக் கண்டறிய சிடியை முதல் பரிசோதனையாக வைக்காதீர்கள். அது பல இடங்களில் காதில் விழவில்லை. பிசிஆர் முடிவு தாமதமான இடங்களில் சிடிதான் குறுக்குவழி ஆனது. நுரையீரலின் ஐந்து மடல்களிலும் பாதிப்புக்கு ஏற்ப ஒவ்வொன்றுக்கும் 5 வரை மதிப்பெண் போட்டு, 25க்கு எத்தனை என்று பரீட்சை மார்க் கேட்பதுபோல ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தார்கள். லேசான காய்ச்சல்காரர்களுக்கும் எடுத்த அந்தப் படங்களில் எத்தனை, சிகிச்சையை மாற்றின?

அலை ஓய்ந்த பிறகாவது மூச்சுவிடலாம் என்றால் அதுவும் இல்லை. தள்ளிப்போட்டவர்கள் எல்லோரும் சேர்ந்து வந்தார்கள், சிலர் நோய் முற்றிய நிலையில். அவர்களின் படங்களைப் படித்து ரிப்போர்ட் எழுத ரேடியாலஜிஸ்டுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். தடுப்பூசி போட்ட பிறகு அக்குளில் நெறி கட்டியது மேமோகிராமில் தெரிந்து, புற்றுநோயோ என்று மறுபடி அழைத்துப் பார்க்க வேண்டி வந்தது. எம்ஆர்ஐக்கு வருபவரின் முகக்கவசத்தில் மூக்குக் கம்பி இருந்தால் முகம் சுட்டுவிடும் அபாயம் உண்டு என்று 2020 டிசம்பரில் எச்சரிக்கை வந்தது. ஒவ்வொருவரின் கவசத்தையும் பார்த்து மாற்றுவதும் எங்கள் வேலையானது. 2022இல் ஷாங்காய் ஊரடங்கில் ஒரு தொழிற்சாலை நின்றதும் சிடி படத்தில் ரத்தக் குழாய்களும் உறுப்புகளும் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்துக்கு உலகம் முழுக்கத் தட்டுப்பாடு. யாருக்குக் கொடுப்பது, யாருக்கு நிறுத்துவது என்று தினமும் ஒரு பஞ்சாயத்து.

ஆகவே, படங்களை எண்ணுவதோடு நிறுத்தாமல், ஒவ்வொன்றுக்கும் உடை மாற்றுவதிலிருந்து துடைத்து முடிப்பதுவரை ஆகும் நிமிடங்களையும் கணக்கில் எடுங்கள். அந்தக் கணக்கு கையில் வரும்வரை எங்கள் பிரிவிலிருந்து ஒருவரையும் வேறிடத்துக்கு அனுப்பாதீர்கள். ஒன்றுக்கு மேல் சிடி இருந்தால் ஒன்றைத் தொற்றாளர்களுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் எல்லோருக்கும் தினமும் காலையில் ஒரு எக்ஸ்ரே என்ற பழக்கத்தை விட்டு, தேவை வந்தால் மட்டும் எழுதச் சொல்லுங்கள். இதைப் பெருந்தொற்று இல்லாதபோதும் செய்யலாம். நோயாளிக்கு ஒரு குறையும் வராது.

தள்ளிவைக்கும் ஒவ்வொரு பரிசோதனையையும் முதல் நாளிலிருந்தே ஒரு பதிவேட்டில் ஏற்றுங்கள். திரும்ப அழைக்கும்போது தேதி வரிசையில் அழைக்காதீர்கள். யாருக்கு அவசரம் என்று மருத்துவர் குறித்துக்கொடுக்கும் வரிசையில் அழையுங்கள். அடுத்த திட்டக் கூட்டத்துக்கு எங்கள் பிரிவிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டால், அந்தப் பதிவேடு எப்படி இருக்க வேண்டும் என்று மாதிரி எழுதிக்கொண்டே வருவோம்.

இப்படிக்கு,
ஒரு ரேடியோகிராபர்